சர்வருக்குப் படைத்த பொரி

மல்லாட்டைக்கு ஈரம் ஆகாது. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதைத்தான் செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை என்கிறார்கள். செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, வெயிலில் கொட்டிப் புரட்டிப் புரட்டிக் காயவைத்து மூட்டை பிடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அதற்குப் பிறகு ஒரு மழை நனைத்தால் போதும், உள்ளே பருப்பு கறுத்துவிடும். வாங்குகிறவன் ஒரு காயை உடைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் புரட்டாசி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பாதி நேரம் கண் வானத்தில்தான் இருக்கும்.

கோட்டைக்கரை உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று பெயர்தான் பெரிசு. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் முன்னால் ஓர் ஆபீஸ் அறை, பின்னால் தகரம் போட்ட குடோன், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அவ்வளவுதான். அந்தச் சின்ன அறையில் இரும்புப் பெட்டிக்குள் சர்வர் இருந்தது. விவசாயியின் பெயர், ஊர், மூட்டையின் எடை, ஈரப்பதம் எல்லாம் அதற்குள் போய்த்தான் முன்னறையில் டோக்கனாக வெளியே வரும். டோக்கன் இல்லாமல் ஒரு மூட்டைகூடக் குடோனுக்குள் போகக் கூடாது. விழுப்புரத்துத் தலைமை அலுவலகம் போட்ட சட்டம் அது. கையால் சீட்டு எழுதிய காலத்தில் இருந்த மூட்டை காணாமல் போய், இல்லாத மூட்டை கணக்கில் ஏறியதால் வந்த சட்டம்.

கம்ப்யூட்டர் வேலை கலைமதியுடையது. சிங்கவரம் காலனி. அப்பா பச்சைமுத்து செஞ்சி மண்டிகளில் மூட்டை தூக்குகிறவர். அம்மா காத்தாயி மல்லாட்டை பிடுங்கவும் நடவுக்கும் போகிறவள். கலைமதி பி.எஸ்சி. முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தவள். இந்த ஆபீஸில்தான் உட்கார நாற்காலி கிடைத்தது. ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு மாதம் இந்தப் புரட்டாசியோடு முடிகிறது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் கண் பட்டுவிடும் என்று காத்தாயிக்குப் பயம்.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் லீவு என்பதால் முதல் நாள் சாயங்காலமே ஆபீஸில் பூசை வைத்தார்கள். காலையிலிருந்து கலைமதி துடைத்துக்கொண்டே இருந்தாள். எடை மிஷின், ஈரம் பார்க்கும் மிஷின், பிரிண்டர், இரண்டு கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் அவள்தான் வைத்தாள். மேனேஜர் அரிகிருஷ்ணன் பட்டு வேட்டியில் வந்தார். நல்ல மனிதர்தான். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். ஆனால் மிஷின் என்றால் அவருக்கு உள்ளூர நடுக்கம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் கூப்பிடுவார்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டியாம்மா? பூசை போட்ட ஆயுதம் ஓடக் கூடாது."

"பண்ணிட்டேன் சார். சர்வர் மட்டும் ஓடுது. அத எப்பவும் ஆஃப் பண்ணக் கூடாதுன்னு விழுப்புரத்துல சொல்லிருக்காங்க சார்."

"ஏன், அது மட்டும் ஆயுதம் இல்லியா? வருசம் பூரா ஓடுது. ரெண்டு நாளு அதுக்கும் ஓய்வு குடு. நான் இருக்கேன் இல்ல, ஆஃப் பண்ணு."

நான் இருக்கேன் என்று அவர் சொன்னதை நம்பித்தான் அவள் முறைப்படி அதை நிறுத்தினாள்.

அவருடைய மனைவி பூங்குழலி சின்ன அறையில் சர்வர் பெட்டிக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், அவித்த சுண்டல், பழம் என்று குவித்துப் படைத்தாள். கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லாரும் செருப்பைத் தேடினார்கள். கலைமதி மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடோன். குடோனில் எலிக்குப் பஞ்சமே இல்லை.

"அம்மா, இத எடுத்து வச்சிடட்டுமா? ரெண்டு நாளு பூட்டிக் கிடக்கும். எலி வந்துடும்மா."

குனிந்து இலையின் நுனியைத் தொடப்போனவளைப் பார்த்து, பூங்குழலி சட்டென்று ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"இல்ல இல்ல, படையல்ல நீ கை வைக்காத. விஜயதசமி முடிஞ்சிதான் எடுக்கணும். அவரே எடுத்துக்குவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பின்னாலேயே ஒரு காகிதப் பையில் பொரியும் பழமும் போட்டு, "வூட்டுக்கு எடுத்துக்கினு போ" என்று கொடுக்கவும் செய்தாள். எல்லாரும் கை வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறாளா, நீ என்பதால் சொல்கிறாளா என்று கேட்க முடியாது. காலனிப் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் கேட்காமலேயே தெரியும். கலைமதிக்குக் காது மடல் சுட்டது. பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

லீவு முடிந்து கதவைத் திறந்த காலையில் ராஜகிரி மலையில் பாதி தெரியவில்லை. மேகம் கோட்டைச் சுவர்வரைக்கும் இறங்கியிருந்தது. அரிகிருஷ்ணன் சர்வர் பெட்டிக்கு முன்னால் அவசரமாகக் கற்பூரம் காட்டி, இலையைச் சரியாகப் பார்க்காமலே சுருட்டிக் கொண்டுபோய் வெளியே நின்ற மாட்டுக்குப் போட்டார். கலைமதி ஒவ்வொன்றாக ஆன் செய்தாள். சர்வர் பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. முன்னறைக் கம்ப்யூட்டரில் மட்டும், சர்வரைக் காணவில்லை என்று எழுதி வந்தது. நிறுத்திப் போட்டாள். மறுபடியும் அதே எழுத்து.

அதற்குள் வாசலில் மூட்டைகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. முதல் வண்டி அவலூர்பேட்டை லட்சுமியம்மாளுடையது. தனியாளாக நின்று விவசாயம் பார்க்கிறவள். குரல் தெருமுனைவரை கேட்கும்.

"இன்னா பொண்ணு, டோக்கனு?"

"சிஸ்டம் வரலம்மா. கொஞ்சம் இருங்க."

"கொஞ்சம்னா எவ்ளோ? மானத்த பாத்தியா நீ? மினி வேன்காரன் மூட்டைய எறக்கிட்டுப் போயிட்டான். இந்தப் பொட்டி கண்ண தொறக்கிற வரைக்கும் நா மல்லாட்டைய முந்தானையில மூடிக்கினு நிக்கணுமா?"

"உள்ள வச்சிக்கச் சொல்லுவேம்மா, ஆனா டோக்கன் இல்லாம குடோன் தொறக்கக் கூடாதும்மா."

"நல்லா இருக்குது உங்க சட்டம். மழைக்குச் சொல்லுங்க, டோக்கன் வாங்கிக்கினு வரச்சொல்லி!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கலைமதியால் சிரிக்க முடியவில்லை. உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

தலைமை அலுவலகத்தில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற பாரதிக்குப் போன் போட்டார்கள். அவர் அங்கிருந்தே தேடிப் பார்த்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் சர்வரே தெரியவில்லை என்றார். ஒயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அரிகிருஷ்ணன் முன்னறையில் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சொருவித்தான் சார் இருக்குது" என்றார். சின்ன அறையை அவரும் நினைக்கவில்லை, பதற்றத்தில் இவளும் நினைக்கவில்லை. பிறகு பாரதி கேட்ட கேள்வி போனுக்கு வெளியேயும் கேட்டது.

"நடுவுல ஆஃப் பண்ணீங்களா?"

அரிகிருஷ்ணன் கலைமதியைப் பார்த்தார். உடனே சுவரில் மாட்டியிருந்த காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமா சார். பொண்ணு ஆஃப் பண்ணிட்டுப் போயிடுச்சி. புதுசு பாருங்க, தெரியாம செஞ்சிடுச்சி."

கலைமதி மவுஸை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். இவ்வளவு சுலபமாக ஒருத்தர் சொல்லிவிட முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மைதானே, ஆஃப் செய்தது தன் கைதானே என்று தனக்குள்ளேயே ஒரு குரல் வேறு கேட்டது. அந்தக் குரல்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

சற்று நேரத்தில் பெரிய அதிகாரியே கூப்பிட்டார். அரிகிருஷ்ணன் எழுந்து நின்று பேசினார். "சரிங்க சார். சரிங்க சார்." போனை வைத்துவிட்டு மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார்.

"உள்ள டிஸ்க் போயிருக்கும்னு சொல்றாங்கம்மா. நாளைக்கு பாரதி நேர்ல வர்றாரு. அதுவரைக்கும்..." பேனாவைக் கீழே வைத்தார். "அதுவரைக்கும் நீ சிஸ்டத்துல கை வைக்க வேணாமாம். உன் வேலையப்பத்தி திங்கக்கிழமை பேசிக்கலாம்னாரு."

"சார், நீங்க சொல்லித்தான சார் ஆஃப் பண்ணேன்."

"எனக்குத் தெரியாதாம்மா? இப்ப அத சொன்னா ரெண்டு பேரு வேலையும் போவும். நான் பாத்துக்கறேன். டென்சன் ஆவாத."

அன்றைக்குச் சாயங்காலம்வரை மழை பெய்யவில்லை. அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். லட்சுமியம்மாள் தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து மூட்டைகளை மூடிவிட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சிங்கவரத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது தூறல் விழுந்தது. காத்தாயி களி கிண்டி, முருங்கைக்கீரை வதக்கி, மல்லாட்டைத் துவையல் அரைத்து வைத்திருந்தாள். பிடுங்கப் போன இடத்தில் கூலியோடு கொடுத்த பச்சை மல்லாட்டை ஒரு சட்டியில் அவிந்துகொண்டிருந்தது. மகள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"அவரு சொன்னாருன்னு அப்பவே போன்ல சொல்ல வேண்டியதுதானடி?"

"எப்படிம்மா சொல்றது? எதிர்ல நிக்கிறாரு. அவரு பொய் சொல்றாருன்னு நா கத்துனா யாரு நம்புவாங்க?"

"அதுக்குன்னு வாய மூடிக்கினு வந்துட்டியா?"

"உனுக்கு இன்னா தெரியும், சும்மா இரும்மா!"

காத்தாயிக்கு முகம் சுருங்கியது. "எனுக்கு ஒண்ணும் தெரியாதுதான். நெலத்துல வேல செய்யும்போது நா பிடுங்காத செடிய நா பிடுங்கனேன்னு எவனும் சொன்னதில்ல. சொன்னா வுட்டுட்டு வரமாட்டேன்."

பச்சைமுத்து சட்டியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து உரித்துக்கொண்டே இருந்தார். உரித்த பருப்பை ஒன்றுகூட வாயில் போடவில்லை.

"நா ஒண்ணு சொல்லட்டா? நாளைக்கு நா வந்து அந்த சாரப் பாக்கறேன். எனுக்குப் பழக்கந்தான். எத்தினி நாளு அவரு மண்டிக்கு வந்திருக்காரு. புள்ள தெரியாம பண்ணிடுச்சி சாமின்னு ஒரு வார்த்த..."

"நைனா!"

கலைமதியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"நா தெரியாம பண்ணல நைனா. அவரு பண்ணச் சொன்னாரு, பண்ணேன். நீ வந்து கையக் கட்டிக்கினு நின்னா நா தப்பு பண்ணதா ஆயிடும். வேல போனா போவட்டும். நீ வரக் கூடாது."

"போனா போவட்டும்னு வாயில சொல்லலாம்" என்றார் பச்சைமுத்து. தோள்பட்டையில் மூட்டை உராய்ந்து காய்த்த இடத்தைத் தடவிக்கொண்டு எழுந்துபோய் வாசலில் நின்று தூறலைப் பார்த்தார். வேலை போகத்தான் போகிறது என்று மூன்று பேருக்குமே பட்டது. யாருக்கும் களி இறங்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலேயே போய்க் கதவைத் திறந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கூடாது என்றால் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். சும்மா நிற்க முடியாமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முன்னறையைக் கூட்டினாள். அப்படியே சின்ன அறைக்கு வந்து, பெட்டிக்குப் பின்னால் சுவர் ஓரமாக விளக்குமாற்றை விட்டு இழுத்தாள்.

பொரி வந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கை நிறைய. கூடவே எலிப் புழுக்கை, கடித்துப் போட்ட பழத்தோல்.

செல்போன் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் எலி குடித்தனமே நடத்தியிருந்தது. பொரியைத் தள்ளிக்கொண்டுபோய்க் குவித்து, சாவகாசமாகத் தின்று, பல் ஊறலுக்கு ஒயரைக் கடித்திருந்தது. பெட்டியிலிருந்து முன்னறைக்குப் போகிற நீல ஒயர் தரையோரம் அறுந்து, உள்ளே இருந்த மெல்லிய கம்பிகள் செம்பு நிறத்தில் பளபளத்தன.

விளக்குமாற்றை அப்படியே கீழே வைத்துவிட்டாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுகைகூட வந்தது. ஒரு பொரியைக்கூடத் தொடாமல் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

அரிகிருஷ்ணன் வந்தார். "இன்னாம்மா இங்க நிக்கற?"

அவள் பெட்டிக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. எலி வரும் என்று அவள் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாரதி விழுப்புரம் ரோட்டுல வந்துட்டாராம். இப்ப போன் பண்ணாரு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஒயர எலி கடிச்சிருக்குதுன்னு காட்டிடலாம், அது ஒண்ணும் பிரச்சன இல்ல. இந்தப் பொரிய மட்டும் கூட்டி வாரிடும்மா. ஆபீசுல பூசை போட்டு, சர்வரு பக்கத்துல சோறு வச்சேன்னு தெரிஞ்சா என்ன சும்மா வுட மாட்டாங்க. சீக்கிரம்."

கலைமதி அசையவில்லை.

"உன்னத்தாம்மா."

"படையல்ல கை வைக்காதன்னு உங்க வூட்டம்மா சொன்னாங்க சார்."

"அது அன்னிக்கி சொன்னது..."

"சிஸ்டத்துல கை வைக்காதன்னு நேத்து நீங்க சொன்னீங்க. இப்ப இதுல கை வையின்றீங்க." அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "நான் எதுலதான் சார் கை வைக்கிறது?"

அவர் தரையில் கிடந்த விளக்குமாற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெளியே லட்சுமியம்மாள் யாரையோ தார்ப்பாயை இழுத்துக் கட்டச்சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். குடோன் தகரத்தில் நாலைந்து துளி விழுந்து நின்றது. பைக் ஒன்று வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. எடுப்பதற்கு இருந்த நேரம் போய்விட்டது.

பாரதி சின்ன வயசுக்காரர். தோளில் பையோடு உள்ளே வந்தவர், பெட்டிக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

"டிஸ்க் கிஸ்க் ஒண்ணும் போவல சார். ஒயர்தான். யாரு சார் இங்க பொரி வச்சது?"

பாரதியின் கண் தானாகக் கலைமதியிடம் போனது. போனில் மேனேஜர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவர் அல்லவா. கலைமதி அவரைப் பார்க்கவில்லை. மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சும்மா பார்த்தாள். அரிகிருஷ்ணன் திரும்பிக்கொள்ள இந்த அறையில் காலண்டர் எதுவும் இல்லை.

"என் வீட்டுக்காரம்மா" என்றார் கடைசியில். "ஆயுத பூசைக்குப் படைச்சாங்க. அன்னிக்கே இந்தப் பொண்ணு எலி வரும்னு சொல்லிச்சி. நாங்கதான் கேக்கல."

"அப்ப ஆஃப் பண்ணது?"

"நான் பண்ணச் சொன்னேன். கூடாதுன்னு அது சொல்லிச்சி."

பாரதி பையிலிருந்து புது ஒயரை எடுத்தார். "சரி சார். நான் இத மாட்டறேன். ஆனா இத நீங்க பெரியவருகிட்ட சொல்லிடுங்க. அவரு அங்க வேற மாதிரி நெனச்சிக்கிட்டு இருக்காரு. திங்கக்கிழமைக்கு ஆள் மாத்தச் சொல்லி நேத்தே பேச்சு வந்துடுச்சி."

கலைமதி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அரிகிருஷ்ணன் போனோடு முன்னறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. "சார், நேத்து நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தவர், அதற்குப் பிறகு வெகுநேரம் எதிர்ப்பக்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "ஆமா சார். என் தப்புதான் சார். அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல சார்." அவர் முதுகு வேர்த்துச் சட்டை ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இடையில் போய், பரவால்ல சார் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பேசி முடித்துவிட்டு வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கு மெமோ வருதாம். நீ போய் சிஸ்டத்த போடும்மா. மழை வந்துடப் போவுது."

கம்ப்யூட்டர் ஒரு முறை யோசித்துவிட்டுத் திறந்தது. பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் டோக்கனை லட்சுமியம்மாள் ஏறக்குறைய பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "குடோன தொறங்கடா!" என்ற அவள் சத்தத்துக்குப் பயந்துதான் மழை இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தது போலிருந்தது. கலைமதி தட்டிக்கொண்டே இருந்தாள். பெயர், ஊர், எடை, ஈரப்பதம். அடுத்தவர். பெயர், ஊர். கொஞ்சம் கொஞ்சமாக வரிசை குறைந்தது.

ஜன்னலுக்கு வெளியே குடையோடு யாரோ நிற்பது தெரிந்து தலையைத் தூக்கினாள். பச்சைமுத்து. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரண்டு கையாலும் குடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வராதே என்று சொல்லியும் வந்துவிட்டார்.

"நைனா, செருப்ப மாட்டு மொதல்ல."

அவர் காதில் அது விழவில்லை. அவளைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன அறையில் அரிகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழக்கமில்லாத கையால் விளக்குமாற்றைப் பிடித்துச் சுவர் ஓரத்துப் பொரியை இழுத்துக்கொண்டிருந்தார். பாதி வந்தது, பாதி சிதறியது.

"இன்னாம்மா, சாரு இன்னாத்துக்குக் கூட்றாரு?" பச்சைமுத்துவின் குரல் பதறியது. "நீ உக்காந்துகினு இருக்கிற? எழுந்து அத வாங்கும்மா!"

கலைமதி அடுத்த டோக்கனைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"அவங்க வூட்டுப் படையலு நைனா. அவங்கதான் எடுக்கணும்."